பொறிக்கு உரைக்கும் மருத்துவம்

நம் ஊர்ப்பக்கத்தில் சில காலமாக ஒரு பேச்சு அடிபடுகின்றது. நோயின் குறிகளைக் கணிப்பொறியிற் பதிந்தால் மருந்தின் பெயரை அதுவே சொல்லிவிடும், இனி வைத்தியரைத் தேடி அலைய வேண்டுவதில்லை என்று ஒரு சாரார் மகிழ்கின்றனர். அந்நாள் வந்துவிட்டால் ஏழைக்கு மனித முகம் பார்க்கவும் கிடைக்காது என்று மற்றொரு சாரார் அஞ்சுகின்றனர். இரு சாராரும் நடுவில் உள்ள ஒரு காரியத்தை விட்டுவிட்டே பேசுகின்றனர் என்பது என் அபிப்பிராயம். சிகிச்சை விதியைப் பொறி தானாகக் கண்டுபிடிப்பதில்லை. அதற்கு ஒருவர் முன்னரே அதைச் சொல்லி வைத்திருக்க வேண்டும். அவர் யார், எச்சொற்களால் சொன்னார், அச்சொற்களை நம்மில் எவரேனும் படித்துப் பார்த்ததுண்டா? இவ்வினாக்களைக் கேட்பார் அரியர். கேட்க வேண்டிய கடமை வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் வாழும் நமக்குச் சற்று மிகுதியாகவே உண்டென்பதை இக்கட்டுரையிற் கூற விழைகின்றேன்.

தமிழாசிரியனாகிய எனக்கு மருத்துவத்திலும் கணிப்பொறியிலும் என்ன வேலை என்று வாசகர் வினவலாம். நியாயமான வினாவே. சென்ற ஆண்டு கணிப்பொறி இயல் மாணவர் நால்வர் என் அறைக்கு வந்தனர். மருத்துவ நெறிமுறை ஒன்றைப் பொறி படித்து நடத்தக்க விதிகளாக மாற்றுவது அவர்கள் மேற்கொண்ட செயல்திட்டம். விதிகளுக்குத் தமிழில் விளக்கம் எழுதியிருந்தனர். அதில் ஒற்றுப்பிழை பார்த்துத் தருதல் வேண்டுமென்பதே அவர்கள் வேண்டுகோள். ஒரு மாலைப்பொழுதில் முடியும் வேலை என்றெண்ணி இசைந்தேன். அந்தப் பருவம் முழுவதும் அதிலேயே கழிந்தது. ஒற்றுப்பிழைகள் சிலவே இருந்தன. பிழை வேறிடத்தில் இருந்தது.

சிகிச்சை நெறி என்று இங்கே குறிப்பது யாதெனின், இன்ன நோய்க்கு இன்ன குறிகள் கண்டால் இன்ன மருந்தை இத்தனை நாள் தருக, இன்ன நிலையிற் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புக என்று வல்லுநர் கூடி ஆராய்ந்து வகுத்த உரையாகும். உலக சுகாதார நிறுவனம் இவற்றைப் பல்லாண்டுகளாக வெளியிட்டு வருகின்றது. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019 முதல் நோய்க்கு ஒரு பக்கமாகக் கட்டமும் அம்புக்குறியும் இட்ட சிகிச்சைப் படிமுறைகளை வெளியிட்டுள்ளது. சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு சிற்றூர் மருத்துவரும் பின்பற்றலாம், நல்ல முயற்சியே. எனினும் அச்சிட்ட பக்கம் மனிதக் கண்ணுக்கு உரியது. பொறிக்கு அது வெறும் படம். பொறி நடத்த வேண்டுமாயின் ஒவ்வொரு வாக்கியத்தையும் உடைத்து, எந்தச் செய்தியைக் கேட்பது, அதை எந்த அளவோடு ஒப்பிடுவது, ஒப்பிட்டபின் யாது செய்வது என்று மூன்றாகப் பிரித்து, ஐயத்துக்கு இடமின்றி எழுதித் தரவேண்டும். ‘தேவையானால்’, ‘கடுமையாயிருப்பின்’, ‘சிறிது காலம் பொறுத்து’ என்பன போன்ற சொற்களை மனிதர் தம் அனுபவத்தால் நிரப்பிக்கொள்வர். பொறிக்கோ எண் வேண்டும். இல்லையேல் ஆம், இல்லை என்ற விடை வேண்டும். ஆகவே உடைத்து எழுதுகின்றவர், வல்லுநர் சொல்லாது விட்டதைத் தாமே சொல்லித் தீர்க்கின்றார். எழுத்தர் வேலை போற் காணும் இது உண்மையில் வைத்தியத்தின் ஒரு பகுதியாகும்.

மாணவர் எடுத்துக்கொண்டது தொழுநோய்ச் சிகிச்சை நெறி. இவ்வட்டாரத்தார்க்கு அதனினும் பொருத்தமான பாடம் இல்லை. பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் 1940-களின் இறுதியில் வேலூரிலேதான் தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவையால் மீண்டும் இயங்கச் செய்யும் முறையை வகுக்கத் தொடங்கினார். காட்பாடிக்கு அப்பால் கரிகிரியில் ஷெஃபலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் 1955-ல் ஏற்பட்டது. அந்நிலையத்தார் குடியாத்தம் தாலுகாவில் ஊர் ஊராகச் சென்று தேமல்களைச் சோதித்துவந்தனர். அவ்வாறு சென்றவருட் பலர் மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர். பயிற்சி பெற்ற களப்பணியாளரே. அவர்கள் கையில் இருந்ததும் ஒரு விதிதான். கணிப்பொறி நம் ஊருக்கு வருமுன்னரே, எண்ணிப் பார்த்து நடத்தும் வைத்தியம் இங்கே நடந்திருக்கின்றது.

அவ்விதியின் சரித்திரத்தை மாணவரோடு சேர்ந்து படித்தபோது எனக்கு வியப்பு மேலிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1982-ல் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. நுண்ணுயிர் குறைந்த வகையினர்க்கு ரிஃபாம்பிசின், டாப்சோன் என்னும் இரண்டு மருந்துகள் 6 மாதம். மிகுந்த வகையினர்க்கு க்ளோஃபசிமின் என்பதும் சேர்த்து மூன்று மருந்துகள் குறைந்தது 2 ஆண்டு. யார் எவ்வகை என்பதை முதலில் தோலைக் கீறி எடுத்த திரவத்தை நுண்பெருக்கியிற் பார்த்து, கிருமிகளின் அளவு கொண்டு தீர்மானித்தனர். 1988-ல் அவ்விதி மாறியது: கிருமி எவ்வளவு சிறிது காணினும் மிகுந்த வகையே என்றனர். நுண்பெருக்கி எல்லா ஊரிலும் இல்லையன்றோ? ஆதலால் 1990-களில் தேமலை எண்ணும் முறை வந்தது; ஐந்து வரை குறைந்த வகை, ஐந்துக்கு மேல் மிகுந்த வகை. 1998-ல் மிகுந்த வகையின் சிகிச்சைக் காலம் 12 மாதமாகச் சுருங்கியது. 2018-ல் இரு வகையினர்க்கும் மூன்று மருந்துகளையே தருக, காலம் மட்டும் வேறுபடுக என்று பரிந்துரைத்தனர்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? ஒரே மனிதர், ஒரே உடம்பு, ஒரே நோய். 1985-ல் குறைந்த வகையாகக் கருதப்பட்டவர் 1989-ல் வந்திருந்தால் மிகுந்த வகையாவார். விதியை எழுதியவர்கள் அறியாமையால் மாற்றவில்லை. அறிவு வளர்ந்ததாலும், களத்தின் வசதியின்மையை உணர்ந்ததாலும் மாற்றினர். ஆனால் அம்மாற்றத்தைத் தாளில் எழுதிய காலத்தில் பழைய தாளைக் கிழித்தெறிந்து புதிய தாளை ஒட்டினர். ஒட்டியதை அனைவரும் கண்டனர். பொறியின் வயிற்றுள் இருக்கும் விதியை எவர் காண்பார்? எந்த ஆண்டின் விதியை அது நடத்துகின்றது என்பதை மருந்து கொடுக்கும் செவிலியரும் அறியார். வாங்கும் தொழிலாளியும் அறியார்.

மாணவர் எழுதியிருந்த விதிக்கு வருகின்றேன். ‘தேமல்களின் எண்ணிக்கை ஐந்துக்கு மிகின் மிகுந்த வகை, இல்லையேல் குறைந்த வகை.’ இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. பொறியும் ஏற்றுக்கொண்டது. இவர்களுள் ஒருவன் ஆம்பூரைச் சேர்ந்தவன். அவன் தாயார் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்கின்றவர். அவன் மட்டும் சும்மா இருந்தான். காரணம் கேட்டேன். “ஐயா, எங்கள் தெருவிலே கையில் வெள்ளைத் திட்டு உள்ளவர் பலர் இருக்கிறார்கள். இந்த விதிப்படி அவர்கள் எல்லோருக்கும் ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மருந்து கொடுத்துவிடுமே?” என்றான்.

அவன் கூறியது விளையாட்டன்று. காலணியின் அடிப்பாகத்தை ஒட்டப் பயன்படுத்தும் பசைகளிற் சிலவற்றில் உள்ள ஓர் இரசாயனப் பொருள், நாட்பட்ட தொடுகையால் தோலின் நிறத்தை அழித்து வெண்திட்டுக்களை உண்டாக்கும் என்பது தோல் மருத்துவர் நன்கறிந்த செய்தி. தோல் பதனிடுமிடத்திற் குரோமிய உப்பினால் கைகளில் அரிப்பும் புண்ணும் தடிப்பும் காண்பதும் அவ்வாறே. தொழுநோய்க்குரிய தேமலின் இலக்கணமோ வேறு: அது வெளிறியோ சிவந்தோ இருப்பதோடு, அவ்விடத்தில் உணர்ச்சி திட்டமாகக் குறைந்திருத்தல் வேண்டும். கண்ணை மூடச் சொல்லிப் பேனா முனையால் தொட்டுப் பார்ப்பார் களப்பணியாளர். அச்சோதனை அச்சிட்ட நெறியில் முதற்பக்கத்திலேயே உண்டு. மாணவர் அதை விட்டுவிட்டனர். ஏன் விட்டனர்? ‘தேமல் என்றாலே உணர்ச்சியற்ற தேமல்தானே’ என்று முன்பக்கத்தைப் படித்த நினைவோடு பின்பக்கத்தை உடைத்து எழுதினர். மனிதன் படிக்கும்போது முன்பக்கம் மனத்தில் நிற்கும். பொறிக்கு எழுதும்போது நிற்பதில்லை. இன்னொன்றும் விடுபட்டிருந்தது. நம் நாட்டு நெறியில் தேமல் ஐந்தே இருப்பினும், ஒன்றுக்கு மேற்பட்ட நரம்பு பாதிக்கப்பட்டிருந்தாலோ, தோற்சோதனையிற் கிருமி காணப்பட்டாலோ மிகுந்த வகையாகவே கொள்ளப்படும். ‘ஆகவே’, ‘அன்றி’, ‘அல்லது’ என்னும் சொற்களை நாம் வகுப்பில் இடைச்சொற்கள் என்று கூறி விரைந்து கடந்துவிடுகின்றோம். ஓர் ‘அல்லது’ விடுபட்டால் ஒருவருக்கு ஆறு மாதச் சிகிச்சை குறைந்துபோகும் என்று அன்றுதான் கண்டேன்.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆம்பூர் மாணவன் அந்த அறையில் இல்லாதிருந்தால் அவ்விதி அப்படியே போயிருக்கும். பெங்களூரிலோ வெளிநாட்டிலோ அமர்ந்து விதி எழுதும் ஒருவர் மிகுந்த கல்வியும் நல்லெண்ணமும் உடையவராகவே இருக்கலாம். பசை பூசும் பெண்ணின் கையை அவர் கண்டிருக்க மாட்டார். வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் இந்தத் தோல் தொழில் வட்டாரத்தில் ‘உம் தொழில் யாது?’ என்ற ஒரு வினா பாதி நோய்க்கணிப்புக்குச் சமம். அதை எத்தனை பொறிகள் கேட்கின்றன? கேட்பவையும் ‘தொழிலாளி’ என்று ஒரே கட்டத்தில் அடைத்துவிடுகின்றன. சுண்ணாம்புத் தொட்டியில் நிற்பவரும், குரோமிய டிரம் அருகில் நிற்பவரும், அப்பர் தைக்கும் பிரிவில் அமர்ந்திருப்பவரும் அதற்கு ஒருவரே.

வேறோர் எடுத்துக்காட்டும் தருவேன். சென்னையிலுள்ள மதராஸ் டயாபிடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2005-ல் இந்தியர்க்கென்றே ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டது. வயது, இடுப்பளவு, உடலுழைப்பு, குடும்பத்தில் நீரிழிவு என்னும் நான்கே கேள்விகள், மொத்தம் 100, 60-ம் அதற்கு மேலும் பெற்றவர் இரத்தச் சோதனைக்குச் செல்ல வேண்டியவர். மேல்நாட்டு அளவுகளை நம்மேல் அப்படியே போடாமல் நம் மக்களை அளந்து செய்தது. பொறிக்குச் சொல்வதற்கும் எளிது. மூன்று கேள்விகளுக்கு நாடாவும் நாவும் போதும். உடலுழைப்புக் கேள்வியில்தான் சிக்கல். எட்டு மணி நேரம் தையற்பொறி முன் குனிந்திருந்து, இரவில் வீட்டுக்கு வந்து இடுப்பு ஒடிந்து விழும் பெண்ணிடம் சென்று ‘நீர் கடின வேலை செய்கிறீரா?’ என்று கேட்டால் என்ன சொல்வார்? ‘ஆம்’ என்றே சொல்வார். அது சத்தியமும் ஆகும். ஆனால் மதிப்பெண் முறை கருதும் உழைப்பு உடம்பை அசைத்து இயக்கும் உழைப்பு. அவருக்கு அது இல்லை. கடினம் என்னும் தமிழ்ச்சொல் துன்பத்தையும் சுட்டும், அசைவையும் சுட்டும். அவர் சொன்ன சத்தியமே அவரைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் நிறுத்திவிடக் கூடும். கேள்வியைத் தமிழில் எழுதியவர் யார் என்பது எவ்வளவு பெரிய காரியம் பாருங்கள்!

வயது பற்றியும் சொல்ல வேண்டும். நம் வீட்டு முதியோரிடம் வயதைக் கேட்டால் ‘அறுபது நிறைந்து அறுபத்தொன்று நடக்கிறது’ என்பர். இதைக் கேட்டு இளைஞர் நகைப்பதுண்டு. இங்கிலாந்து தேசத்தார் அந்த வழக்கைக் கற்றிருந்தால் ஒரு பெருங்குழப்பம் தவிர்ந்திருக்கும். அங்கே பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் சோதிக்கக் கணிப்பொறி வழியே அழைப்புக் கடிதம் செல்கின்றது. 2009 முதல் ஏறத்தாழ 4,50,000 பேர்க்குக் கடைசி அழைப்புச் செல்லவில்லை, கணிப்பொறிக் கணக்கின் பிழையே காரணம் என்று அந்நாட்டுச் சுகாதார மந்திரி 2018 மே மாதத்திற் பாராளுமன்றத்தில் அறிவித்தார். எத்தனை குடும்பங்கள் அன்றிரவு உறங்கியிருக்கும்! பின்னர் ஆராய்ந்த குழு அவ்வாண்டு டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. மந்திரி அறிவித்த அளவு பெரிதும் மிகையென்றும், குழப்பத்தின் வேர் கடைசி அழைப்பு எந்த வயதில் முடிகின்றதென்பது தெளிவாயிராமையே என்றும் தெரியவந்தது. எழுபது வரை என்றால் எழுபது நிறையும் நாள் வரையா, எழுபத்தொன்று நிறையும் நாள் வரையா? ஒவ்வொருவர் ஒவ்வொன்றாகக் கொண்டிருந்தனர். பொறியின் மேல் பழி போட்டது எளிதாயிற்று. பழிக்கு உரியது தாளிலிருந்த சொல்.

குழந்தைகளின் மூச்சிரைப்பிலும் இதே நுட்பம் உண்டு. ஒரு நிமிஷத்தில் 50 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால் வேகமூச்சு என்பது இரண்டு மாதம் நிறைந்து பன்னிரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு. பன்னிரண்டு மாதம் நிறைந்தால் 40 போதும். ‘ஒரு வயதுக் குழந்தை’ என்று பதிந்துவிட்டால் முதற்பிறந்தநாள் வந்ததா வரவில்லையா என்று எவர் அறிவார்? பத்து மூச்சு வித்தியாசத்தில் ஒரு குழந்தைக்குச் சளிக்காய்ச்சலுக்குரிய மருந்து கிடைக்கும், மற்றொன்றுக்குக் கிடைக்காது.

நிற்க. மேல்நாட்டார் இத்துறையில் ஐம்பது ஆண்டுக்கு மேலாகப் பாடுபட்டு வருகின்றனர். 1970-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மைசின் என்னும் முறையைச் செய்தனர். சில நூறு விதிகளைக் கொண்டு இரத்தத்திற் கலந்த தொற்றுக்கு ஏற்ற மருந்தைக் கூறும் அது, சோதனையில் வல்லுநர்க்கு இளைத்ததாக இல்லை. ஆயினும் ஆஸ்பத்திரியில் அன்றாட வழக்குக்கு வரவேயில்லை. பின்னர் 1989-ல் நியூயார்க் மாநிலத்தின் ஆர்டன் இல்லத்திற் கூடிய அறிஞர், விதிகளை எழுதுதற்கென்றே ஒரு பொதுமொழியை வகுக்க முற்பட்டனர். 1992-ல் அது தர அளவையாக ஏற்கப்பட்டது. ஆர்டன் மொழி என்பது அதன் பெயர். அதன் அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் ஒன்றுண்டு. விதியைத் தொடங்குமுன் தலைப்பு, எழுதியவர் பெயர், பதிப்பு, தேதி, நோக்கம் ஆகியவற்றை எழுதியாக வேண்டும். நம் பதிப்பாசிரியர்கள் ஏட்டுச்சுவடியை அச்சிடும்போது எந்த ஏடு, எவரிடம் பெற்றது, பாடவேறுபாடு யாது என்று முன்னுரையில் எழுதுவார்களே, அதே ஒழுக்கம்.

அம்மொழியின் குறையும் அறியத்தக்கது. விதியின் தருக்கம் எல்லா ஊருக்கும் பொது. ஆனால் நோயாளியின் செய்தி ஒவ்வோர் ஆஸ்பத்திரியின் ஏட்டிலும் வெவ்வேறு பெயரில், வெவ்வேறு இடத்தில் இருக்கும். அதை எடுக்கும் வழியை மட்டும் நெளிவடைப்புக் குறிக்குள் அந்தந்த ஊரார் எழுதிக்கொள்க என்று விட்டனர். ஆகவே ஓரிடத்தில் எழுதிய விதி மற்றோரிடத்திற்குச் சென்றால் அடைப்புக்குள் இருப்பதை முழுதும் மாற்றியெழுத நேர்ந்தது. ‘நெளிவடைப்புச் சிக்கல்’ என்றே அத்துறையினர் இதைக் கூறுவர். இன்று செய்திகளின் பெயரையும் வடிவத்தையும் உலகம் முழுதும் ஒன்றாக்க முயல்கின்றனர். உலக சுகாதார நிறுவனமும் 2021-ல் தன் நெறிகளை ஐந்து அடுக்காக்கும் திட்டத்தை வெளியிட்டது: படிக்கும் உரை முதலாவது, களத்துக்கேற்ப விரித்த செயல்முறை இரண்டாவது, பொறி படிக்கும் வடிவம் மூன்றாவது, பொறி நடத்தும் வடிவம் நான்காவது, அனுபவத்தைக் கொண்டு தன்னைத் திருத்திக்கொள்ளும் நிலை ஐந்தாவது. கர்ப்பிணிகளின் பராமரிப்பே அவர்கள் முதலிற் கையிலெடுத்த துறை. இரண்டாம் அடுக்கை அந்தந்த நாட்டார், அந்தந்த வட்டாரத்தார் தமக்கேற்பச் செய்துகொள்ள வேண்டும் என்பது திட்டத்தின் உட்கிடை. அதாவது, நெளிவடைப்புக்குள் எழுத வேண்டியது நம் கை. நாம் எழுதாவிடில் வேறொருவர் எழுதுவர். அது வெறுமையாக விடப்படாது.

மருத்துவ நண்பர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசியபோது அவர் முகஞ்சுளித்தார். ஒவ்வொரு நோயாளியும் ஒவ்வோர் உலகம்; சமையற் குறிப்பைப் பார்த்து வைத்தியம் செய்ய முடியுமா என்றார். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் நம் வட்டாரத்துத் தொழிலையே அவருக்கு எடுத்துக்காட்டினேன். முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுத் தோல் பதனிட்ட நாளில் எத்தனை நாள் ஊறவேண்டும் என்பது மேஸ்திரியின் விரலுக்கே தெரியும். குரோமிய முறை வந்தபின் எடைக்கு இத்தனை பங்கு உப்பு, இத்தனை மணி நேரம், புளிப்பு இந்த அளவு என்று எல்லாம் தாளில் ஏறிவிட்டது. மேஸ்திரி ஒழிந்தாரா? இல்லை. டிரம்மை நிறுத்துமுன் இன்றும் ஒரு துண்டு வெட்டிக் கொதிநீரில் இட்டுப் பார்க்கின்றார். சுருங்காவிடில் தோல் பதப்பட்டது. சுருங்கினால் தாள் என்ன சொன்னாலும் டிரம் மீண்டும் சுழலும். தாள் இருப்பதனால்தான் எங்கே தவறிற்று என்று பின்னோக்கிப் பார்க்க முடிகின்றது. கொதிநீர் இருப்பதனால்தான் தாளை நம்ப முடிகின்றது. சிகிச்சை விதிக்கும் அத்தகைய கொதிநீர்ச் சோதனை வேண்டும். எழுதிய விதியைப் பழைய நோயாளிகளின் ஏடுகள் நூற்றின்மேல் ஓட்டி, அனுபவமுள்ள மருத்துவர் சொன்னதோடு எங்கே மாறுபடுகின்றது என்று பார்த்தபின்னரே உயிருள்ள மனிதர்மேல் ஓட்டலாம். மருத்துவர் விதியை மீறும் உரிமை உடையவராகவும், மீறிய காரணத்தை ஒரு வரி எழுதும் கடமை உடையவராகவும் இருத்தல் வேண்டும். நண்பர் முதற்பாதிக்கு இசைந்தார். ஒரு வரி எழுதவும் நேரம் ஏது என்றார். வெளியே காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தபின் அதற்கு நான் மறுமொழி கூறவில்லை.

இன்னொரு கட்சியாரும் உளர். இப்பொழுது கேட்டதற்கெல்லாம் வாக்கியமாக விடை கூறும் பேசும் பொறிகள் வந்துவிட்டன. நெறியின் உரையை அப்படியே அதற்குக் கொடுத்துவிட்டால் அதுவே படித்துச் சொல்லும். விதியாக உடைக்கும் பிரயாசை வீண் என்பர். அப்பொறிகள் உடைக்கும் வேலையில் உதவும் என்பதை நானும் மறுக்கவில்லை. நம் மாணவரும் பயன்படுத்தினர். ஆனால் அவை நேற்றொரு வாக்கியமும் இன்றொரு வாக்கியமும் கூறுதல் உண்டு. எந்தச் சொல்லைக் கொண்டு அம்முடிவுக்கு வந்தது என்று சுட்டிக்காட்டக் கேட்டால் அதற்கும் அழகாக ஒரு காரணம் கற்பித்துவிடும். விதியாக எழுதியதைப் படித்துப் பார்த்து, இந்த வரியில் ‘அல்லது’ இல்லை என்று ஓர் ஆம்பூர் மாணவன் சொல்ல முடியும். மற்றதைப் பற்றி அவன் என்ன சொல்வான்?

ஆகையால் நான் கேட்பது பெரிதொன்றுமன்று. நம் ஜில்லாக்களில் (2019 வரை வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை மூன்றும் ஒன்றாயிருந்தன) நோயாளிமேல் நடத்தப்படும் ஒவ்வொரு விதியும், எழுதியவர் பெயரோடும் தேதியோடும், தமிழிலும் உருதுவிலும் படிக்கத்தக்க வாக்கியமாக, கேட்பார்க்குக் காட்டப்பட வேண்டும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வீட்டில் உருது பேசும் குடும்பங்கள் எத்தனை என்பது யாவரும் அறிந்ததே. விதியை எழுதும் மேசையில் ஒரு மருத்துவரும், ஒரு கணிப்பொறி அறிந்தவரும் போதாது. வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளர் ஒருவரும், தொழிற்சாலையுள் வேலை பார்த்த ஒருவரும், சொல்லின் பொருளை அளந்து பார்க்கும் பழக்கமுள்ள ஒருவரும் அமர வேண்டும். சொல்லை அளப்பதற்கு நம் முன்னோர்க்குப் பழக்கம் குறைவில்லை. மருந்தின் அளவையும் சரக்கின் பெயரையும் அவர்கள் செய்யுளில் வைத்ததற்கு ஒரு பயன், ஓரெழுத்துத் தவறினாலும் எதுகையோ சீரோ முட்டி நின்று பிழையைக் காட்டிவிடும் என்பது. பொறியாளர் இன்று வேறு பெயரில் அதே தந்திரத்தைக் கையாள்கின்றனர்.

கூடப் படிக்கும் தமிழ்த்துறை மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் படிப்புக்கு வேலை எங்கே என்று உறவினர் கேட்கும்போது நீங்கள் தலை கவிழ்வதை நான் கண்டிருக்கின்றேன். இந்த மேசையில் ஒரு நாற்காலி காலியாயிருக்கின்றது. அதற்கு இன்னும் சம்பளம் இல்லை என்பதையும் மறைக்காமற் கூறிவிடுகின்றேன்.

நம் நால்வர் செய்த விதி இப்பொழுது நான்காம் பதிப்பில் இருக்கின்றது. தேமலுக்கு முன் உணர்ச்சிச் சோதனை வந்துவிட்டது. நரம்பும் கிருமியும் ‘அல்லது’ பெற்றன. தொழில் என்ற கட்டம் ஒன்றாயிருந்தது ஒன்பதாக விரிந்தது. பல காலம் களத்தில் இருந்து ஓய்வுபெற்ற பணியாளர் ஒருவரிடம் அத்தாளைக் கொண்டுபோய்க் காட்டினர். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுதும் படித்தார். பிறகு, “பேனாவால் தொட்டுப் பார் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் நல்ல தோலிலே தொட்டுக் காட்டிவிட்டு, அப்புறம் தேமலிலே தொட வேண்டும். இல்லாவிட்டால் எதைக் கேட்கிறோம் என்றே அவர்களுக்குத் தெரியாது. அது எந்தக் கட்டத்தில் வருகிறது?” என்றார். எந்தக் கட்டத்திலும் வரவில்லை. ஐந்தாம் பதிப்பு எழுதிக்கொண்டிருக்கின்றனர்.